மூன்றாவது பட்டை பதநீர்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் லீவு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. காலை ஏழு மணி வாக்கில் ஆனைக்குட்டம் அணைக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். நான் சாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. கூட ஓடி வந்த மைத்துனருக்கும் தெரியாது. கரையோரம் பதநீர் விற்ற ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், காலண்டருக்கு அட்டை, இதுதான் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. மிஷினில் படிந்த மையைத் துடைக்கத் தின்னர் ஊற்றுவோம். அந்த வாடை சட்டையில் ஏறும், தலைமுடியில் ஏறும், சாப்பிடுகிற சோற்றிலும் ஏறும். கல்யாணமான புதிதில் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எனக்குச் சாப்பாடு போடுவாள். பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் வாடை இல்லாமல் வீட்டுக்குப் போனால்தான் எங்கே சுற்றிவிட்டு வருகிறீர்கள் என்று கேட்கிறாள்.

எனக்கு சுகர் வந்தது நாற்பத்தொரு வயதில். முதலில் மாத்திரை. அது போதவில்லை என்று அதற்கு முந்தைய தீபாவளி முடிந்ததும் டாக்டர் இன்சுலின் ஊசி போடச் சொன்னார். என் உடம்பில் இன்சுலின் சுரப்பதே குறைந்துகொண்டு வருகிறது, ஊசியை விடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். நானும் பெரிய மனிதன் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எனக்கு அந்த ஊசி என்றால் அப்படி ஒரு வெட்கம். பிரஸ்ஸில் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குத்திக்கொள்வேன். நான்கு பேருக்குத் தெரிந்தால் 'ஊசிக்காரர்' என்று பேர் வைத்துவிடுவார்கள். எங்கள் பிரஸ்ஸில் பேர் வைப்பதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். அதில் முதல் ஆள் நான்தான், அதனால்தான் அந்தப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனர், என் மனைவியின் தம்பி, காலையில் ஓடக் கூப்பிட்டார். அவருக்குப் பட்டாசுக் கடை. சீசன் முடிந்தால் தொந்தியைக் குறைக்கிறேன் என்று கிளம்பிவிடுவார். நானும் போனேன். தை மாதத்தில் ஒரு நாள் ஓடி முடித்ததும் கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சோதித்துப் பார்த்தால் சுகர் நன்றாக இறங்கியிருக்கிறது. ஊசியும் ஓட்டமும் சேர்ந்து இறக்கியிருக்கிறது, டாக்டரிடம் கேட்டு அளவை மாற்ற வேண்டும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வரவில்லை. ஓடினால் சுகர் ஓடிவிடும் என்று நானே முடிவு கட்டினேன். மாசியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. பங்குனி பிறந்ததும் அதுவும் இல்லை. வீட்டில் கேட்டபோது, டாக்டரே நிப்பாட்டச் சொல்லிவிட்டார் என்று கூசாமல் சொன்னேன். என் மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று சேமியா பாயசம் வைத்தாள். பொய் சொன்ன வாயாலேயே இரண்டு டம்ளர் குடித்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம். இப்போது நினைத்தால் உடம்பு என்னிடம் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. தாகம் எடுத்தது, குடம் குடமாகக் குடித்தேன். பங்குனி வெயில் என்றேன். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை, ஓட்டத்தின் பலன் என்று புதிதாக பெல்ட் வாங்கினேன். பார்த்தவர்கள் எல்லாம் ஆளே மாறிவிட்டீர்கள் என்று சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயிலிருந்து வாடை வருகிறது என்று மனைவி ஒரு நாள் சொன்னாள், உடனே அவளே பிரஸ் வாடைதானே என்று முடித்துக்கொண்டாள். பனைமரத்தின் கீழே நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் இல்லையா, பிரஸ்காரன் வாயில் எது மணத்தாலும் அது தின்னர்தான். கடைசியாக, மூச்சு வாங்கியது. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்காமல் வேறு யாருக்கு வாங்கும் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

அன்று காலை அணைக்கரையில் கால் மைல்கூட ஓடியிருக்க மாட்டேன். மூச்சு அடியிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. நின்றேன். சாதாரணமாக நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் தணிந்துவிடும். அன்று தணியவில்லை. கால் நின்றுவிட்டது, நெஞ்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனர் தன் பையிலிருந்து விரலில் மாட்டுகிற கிளிப்பை எடுத்தார். கொரோனா சமயத்தில் வாங்கியது. அது முடிந்தும் அவர் அதை விடவில்லை. கண்டவர் விரலிலும் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார். என் விரலில் மாட்டிவிட்டு முகம் மலர்ந்தார்.

"தொண்ணூத்தெட்டு இருக்கு அத்தான். குதிரையாட்டம் இருக்கீக. வயசு ஆகுதுல்ல, அம்புட்டுத்தான்."

எனக்கும் நிம்மதியாகிவிட்டது. கரையிலிருந்து இறங்கினால் ஒரு பனைமரத்து நிழலில் அந்தப் பெண் பதநீர்ப் பானையோடு உட்கார்ந்திருப்பார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை, பொங்கலுக்குக் கம்பெனி லீவு என்பதால் தம்பி இறக்குகிற பதநீரைக் கொண்டுவந்து விற்கிறார் என்பது வரைக்கும் நான்கு நாள் பழக்கத்தில் தெரியும். தாகம் என்னைப் பிடுங்கியது. பனையோலைப் பட்டையை இரண்டு கையிலும் ஏந்திக் குனிந்து நின்றேன், அவர் செம்பால் ஊற்றினார். ஒரே இழுப்பில் குடித்துவிட்டு மறுபடி நீட்டினேன். அதையும் குடித்தேன். மூன்றாவது முறை நீட்டியபோது செம்பு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அவர் என் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்த பிரஸ்ஸில் வேலை என்று கேட்டார். சொன்னேன். பிரஸ் திறந்துவிட்டார்களா என்றார். இல்லை, பூட்டி ஆறு நாளாகிறது, நாளை மறுநாள்தான் திறப்பார்கள் என்றேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு விழுந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, தப்பாக நினைக்க வேண்டாம், குளித்துவிட்டீர்களா என்றார். மைத்துனர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. விடிகாலையிலேயே குளித்து, புதுப் பனியன் போட்டு வந்திருக்கிறேன் என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன்.

"அப்ப இந்த தின்னர் வாடை எங்கிட்டு இருந்து வருது அண்ணாச்சி? பிரஸ்ஸு ஆறு நாளா பூட்டிக் கெடக்கு. சட்டை புதுசு. வாடை உங்க மூச்சுல வருது."

எனக்குத் தாகம்தான் பெரிதாக இருந்தது. முதலில் ஊற்றும்மா என்றேன். அவர் செம்பைப் பானைக்குள் போட்டுவிட்டு, என் கையிலிருந்த பட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு இனி ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். இப்ப ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும்."

மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. குடிக்க வந்த ஆளிடம் இது என்ன பேச்சு என்றார். கிளிப்பை எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் காட்டி, ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு இருக்கிறது என்றார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த கிளிப்பு என் மகளுக்கும் நல்லாத்தான் காட்டுச்சு."

மைத்துனர் கிளிப்பைப் பைக்குள் போட்டார். அவரை பைக்கில் வீட்டுக்கு அனுப்பி, என் மனைவியையும் பழைய மருந்துச் சீட்டையும் நேரே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னது அந்தப் பெண்தான். அணைக்கு மீன் எடுக்க வந்திருந்த லோடு ஆட்டோவை நிறுத்தி, மீன் பெட்டிகளுக்கு நடுவில் என்னை உட்கார வைத்ததும் அவர்தான். நிறைந்த பதநீர்ப் பானையை மரத்தடியில் அப்படியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும். அதைச் சொல்லக்கூட எனக்கு அப்போது மூச்சு இல்லை.

ஆட்டோவில் போகும்போது கண் சொருகிக்கொண்டு வந்தது. தூங்க விடாமல் அவர் என் தோளை உலுக்கிக்கொண்டே வந்தார்.

"சுகர் இருக்கா அண்ணாச்சி?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

ஊசி போடுகிறேனா என்று கேட்டார். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், மீன் பெட்டியில் சாய்ந்துகொண்டு, மூன்று வாரமாக வீட்டில் மறைத்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது என்று சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. தன் மகள் கதையைச் சொன்னார்.

மகளுக்கு ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது மூச்சு வாங்கியிருக்கிறது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் இருந்து வருகிறாள், சேலையில் ஒட்டிவரும் மருந்துத் தூசிதான் பிள்ளைக்கு இழுப்பைக் கொடுத்துவிட்டது என்று சுற்றி இருந்த எல்லோரும் சொன்னார்கள். அவரும் அதையே நம்பி, தன்னைத்தானே திட்டிக்கொண்டு, தினமும் கம்பெனியிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளையின் வாயில் வந்த வாடையையும் கம்பெனி மருந்து வாடை என்றுதான் நினைத்தார். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தபோதும் ஆக்சிஜன் சரியாகவே இருந்ததாம். பிள்ளை நினைவு தப்பிய பிறகுதான் அது சுகர் என்றும், ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றும் தெரிந்திருக்கிறது. எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

"இப்ப ஒம்பதாப்பு படிக்கா. ஒரு நாளைக்கு நாலு ஊசி. அவளே போட்டுக்கிடுவா."

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. நான்கு ஊசி. நான் ஒரு ஊசிக்குத் தாழ்ப்பாள் போட்டவன். அந்த நிலைமையிலும் அது எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இறக்கியபோது எனக்கு அரை நினைவுதான். முதலில் பார்த்தவர்கள் மூச்சு வாங்குவதைக் கண்டு இழுப்பு உண்டா, நெஞ்சு வலியா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்கிற நிலையில் இல்லை. அந்தப் பெண் குறுக்கே வந்து, சுகர்காரர், ஊசியை நிப்பாட்டி மூன்று வாரமாகிறது, மூச்சில் வாடை வருகிறது என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. விரலில் குத்திப் பார்த்த மிஷின் எண்ணே காட்டவில்லை, அதன் அளவையே தாண்டிவிட்டதாம். மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி ரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் தெளிவாக எழுந்து உட்கார்ந்தேன். மூச்சு அதுபாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. சும்மா மூச்சு விடுவது எவ்வளவு பெரிய சுகம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

டாக்டர் ஒரு சின்ன வயது அம்மா. நான் ஓடுகிற கதையைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல் கட்டில் ஓரமாக நின்று புரிய வைத்தார். வேகமாக ஓடும்போது எல்லோருக்குமே ரத்தத்தில் அமிலம் கொஞ்சம் கூடுமாம். அதைக் குறைக்கத்தான் உடம்பு வேகவேகமாக மூச்சு விட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. ஓட்டத்தை நிறுத்திக் கொஞ்ச நேரமானால் அமிலம் குறையும், மூச்சும் தணியும். என் விஷயம் வேறு. இன்சுலின் இல்லாததால் உடம்பால் சர்க்கரையை எரிக்க முடியவில்லை. அதற்குப் பதில் கொழுப்பை எரித்து எரித்து, நான் ஓடாமல் சும்மா நின்றாலும் ரத்தம் புளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெல்ட் வாங்கிய பெருமை எல்லாம் அதுதான். அந்த எரிப்பில் வருகிற பொருள் ஒன்றுதான் மூச்சில் தின்னர் போல மணக்குமாம். அந்த நிலைமையில் ஓடினால் சுகர் இறங்காது, இன்னும் ஏறும் என்றார்.

கிளிப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் என் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்துக் காட்டினார்.

"இங்கன அரிசி அளவுக்கு ரெண்டு காவக்காரங்க இருக்காங்க. ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சாலும் மூச்சை வேகமாக்கச் சொல்லுவாங்க, புளிப்பு கூடினாலும் சொல்லுவாங்க. ரெண்டும் சேந்துட்டா இன்னும் சத்தமாச் சொல்லுவாங்க. உங்க கிளிப்பு பாக்குறது ஆக்சிஜன மட்டுந்தான். புளிப்பு அதுக்குத் தெரியாது."

மலை ஏறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்து வாங்குகிற மூச்சும், எனக்கு அமிலம் ஏறி வாங்கிய மூச்சும் வெளியே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும் என்றார். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அதற்கு அவர், உங்களைக் கூட்டிவந்த அந்த அம்மா யார் என்று கேட்டார்.

யார் என்று எங்களுக்கும் தெரியாது. என் மனைவி வந்து சேர்ந்ததும், பானை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். பேர்கூட யாரும் கேட்கவில்லை. என் மனைவி அந்த மூன்று நாளும் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. ஊசிக்காக அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒதுக்கி வைத்திருந்த இடம், டாக்டரே நிப்பாட்டிவிட்டார் என்று நான் சொன்ன அன்றிலிருந்து காலியாக இருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் பேசினாள்.

"கட்டுன என்கிட்ட சொல்லாதத, பதநி விக்கிற பிள்ளைகிட்டயாவது சொன்னீகளே. அதுவே போதும் எனக்கு."

அந்த ஒரு பேச்சு போதும், நான் கூனிக்குறுகிப் போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் தலை குனிகிறது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மனைவியும் ஆனைக்குட்டம் போனோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விற்கிறார் போலிருக்கிறது, அதே பனைமரத்தடியில் இருந்தார். பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தம்மா எழுந்து வந்து, முதல் வேலையாகப் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

என் மனைவி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும், எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன் நான். ஒன்றும் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு மகள் காதில் விழாமல் இருக்க என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

"பள்ளிக்கொடத்துல அவ ஒருத்திதான் ஊசி போடுதா. அதுல அவளுக்குப் பெரிய வெக்கம், மதியம் எங்கயாச்சும் ஒளிஞ்சு போய்ப் போடுதா. நீங்களும் போடுறீகன்னு ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

ஒளிந்து போய்ப் போடுகிற வித்தையில் என்னைவிட அனுபவம் உள்ள ஆள் யார் இருக்கிறார்கள்? காலைச் சாப்பாட்டை இட்லியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தோம். சாப்பாட்டுக்கு முன் போடுகிற ஊசியும் பையில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் சட்டையைத் தூக்கிவிட்டு ஊசியை எடுத்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். என் வயிற்றையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, தெனமும் ஒரே இடத்துல குத்தாதீக. அங்கன கட்டி கட்டியா ஆயிரும். இடம் மாத்தி மாத்திப் போடணும்."

அவளே தன் ஊசியையும் எடுத்து வந்தாள். எந்த இடம், எவ்வளவு தள்ளி, குத்தி எடுப்பதற்குள் எத்தனை எண்ண வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அணைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனார்கள். அவளும் கவலைப்படவில்லை, நானும் கவலைப்படவில்லை. என் மனைவிக்கு மட்டும் பட்டை நிறையப் பதநீர் கிடைத்தது. எனக்கு வெறும் தண்ணீர்தான்.

இப்போது பிரஸ்ஸில் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றேதான் ஊசி போட்டுக்கொள்கிறேன். நான் பயந்த மாதிரியே 'ஊசிக்காரர்' என்று பேர் வைத்துவிட்டார்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். டாக்டர் சொன்ன அளவுக்கு ஓடவும் செய்கிறேன். ஓடி நின்று, மூச்சு மெல்லத் தணிகிற அந்த இரண்டு நிமிடமும் அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொள்வேன். வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் இன்று நான் விடுகிற ஒவ்வொரு மூச்சும் 'ஊத்த மாட்டேன்' என்று என் கையிலிருந்த பட்டையைப் பிடுங்கிக்கொண்ட ஒருத்தி கொடுத்தது.